மோந்து பார்த்த பூ

தாராவியில் எங்கள் வீட்டுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவே ஒரு தோல் கிடங்குச் சந்து இருந்தது. உப்புப் போட்ட ஈரத்தோல்களை அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடப்பார்கள். அப்பா மட்டும் பொத்தமாட்டார். அவருக்கு வேலையே அங்கேதான்.

அந்த அப்பா காய்ச்சலில் விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூக்குக்கு வாசனை இல்லை, நாக்குக்கு ருசி இல்லை. கஞ்சியை நீட்டினால், "மண்ணு மாதிரி இருக்கு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். உடம்பு துவைத்த துணி போல ஆகிவிட்டது. அம்மா, அம்மனுக்குப் பொங்கலும் மல்லிகையும் நேர்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மாட்டுங்காவுக்கு நடந்து போய்ப் பூ வாங்கி வந்தாள். சாயங்காலம் அவள் பொங்கல் தூக்குடன் முன்னே நடக்க, நான் பூப் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னே போனேன். சாமிக்குப் பொங்கியதை ருசி பார்க்கக் கூடாது, சாமிப் பூவை மோந்து பார்க்கக் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். முதல் ருசியும் முதல் வாசனையும் அம்மனுக்குத்தானாம்.

தகரக் கூரைகளின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா அதில் மிதந்து போவது போல இருந்தது. சந்துக்குள் நுழைந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. என் கைகள் தாமாகவே உயர்ந்தன. சந்து முடியும்வரை நான் அந்த இலைப் பொட்டலத்துக்குள்தான் இருந்தேன். அங்கே குளிர்ச்சியாக, வெள்ளையாக வேறொரு ஊர் இருந்தது.

கோயில் வாசலில் பயம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை பேச நாலு தடவை எச்சில் விழுங்குகிற பையன் நான்.

"அம்மா... மோந்துட்டேன்."

"எதைலே?"

"பூவ. நாத்தம் தாங்கல."

அம்மா என்னையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லவேளை, தூக்கு என் கையில இருந்துச்சு" என்றாள். இனி மாட்டுங்காவுக்குப் போய்வர நேரமில்லை. மல்லிகையைத் தன் கொண்டையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பூ அம்மனுக்கா, உனக்காம்மா?" என்றார் பூசாரி.

"இவன் முந்திட்டான் சாமி."

அவர் சிரித்துவிட்டுப் பொங்கலைப் படைத்துத் திருநீறு தந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மனுக்குப் பூ போய்ச் சேரவில்லை. இனி அப்பா எழுந்திருக்கமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா குனிந்து அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசினாள். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"ஏளா, மல்லியப்பூவா வச்சிருக்க?"

அம்மாவின் விரல் நெற்றியிலேயே நின்றுவிட்டது. பிறகு அவசர அவசரமாக ஒரு வாய்ப் பொங்கலை ஊட்டினாள். அப்பா மெதுவாக மென்றார்.

"வெல்லம் கூடிப்போச்சு."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவ்வளவு பாடுபட்டுச் செய்ததைப் போய்க் குறை சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. எச்சில் விழுங்காமல் அப்பாவிடம் சண்டைக்குப் போனேன்.

"சாமிக்குச் செஞ்சதுப்பா. ருசி பாக்கக் கூடாது. அப்படித்தான் இருக்கும்!"

அதைக் கேட்டு அம்மா ஏன் இன்னும் அதிகமாக அழுதாள் என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை.