நானும் மலையாளிதான்

ஒரு நர்ஸைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு பெண் இறந்தாள். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் கெடுக்க வேண்டும் என்றே சொன்னேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கொல்லிமலையில் நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர். கேரளத்திலிருந்து அரசு நர்ஸாக ஓர் அம்மா வந்தார். அங்கே ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; ஆலத்தூர் நாட்டில் முதல் நாளே ஊர்க்கவுண்டர் அவரிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்.

"நான் மலையாளி."

கொல்லிமலைக்காரர்களும் பக்கத்து மலைக்காரர்களும், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில், தங்களை மலையாளி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். கவுண்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம சனம்! பேச்சு இழுக்குதே, பச்சமலையா, கல்ராயனா?"

நர்ஸம்மாவுக்கு எதுவும் புரியவில்லை; அவரும் சிரித்துவைத்தார். வெளியாள் யாரும் நுழையாத பிள்ளைப்பேற்றுக் குடிசைக்குள் அன்றே அவரை விட்டார்கள்.

சில மாதங்களில் விஷயம் புரிந்து என்னிடம் வந்தார். "சாரே, நான் வேற மலையாளின்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்மா, வேலை நடக்கட்டும்" என்றேன்.

பிறகு ஒருநாள், நான் போகவே போகாத ஊர்களில் அம்மை குத்தியதாகப் பட்டியல் எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினேன்.

"அந்தப் பிள்ளைங்க கையைப் பார்த்தேன் சாரே. தழும்பே இல்லையே" என்று திருப்பித் தந்துவிட்டார்.

அந்த வாரமே கவுண்டரிடம் போனேன். "அந்தம்மா உங்க ஆளே இல்லைங்க. கேரளாக்காரி. இத்தனை மாசமா உங்ககிட்ட அதைச் சொல்லவே இல்லை."

குடிசைகளுக்குள் அவரை விடுவது நின்றது. அடுத்த மாதம் கவுண்டரின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. நஞ்சுக்கொடி விழாமல் இரத்தம் போய் இறந்துவிட்டாள். வலி எடுத்ததுமே கேள்விப்பட்டு ஓடிவந்த நர்ஸம்மா பையோடு வெளியே பலா மரத்தடியில் நின்றிருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை.

நான் அவரிடம் போய் அழுதேன். "என்கிட்ட எதுக்கு? அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார்.

ஊர்க்கூட்டத்தில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்: பொய்ப் பட்டியல், உண்மையைச் சொல்லிவிட அவர் கேட்டது, நான் தடுத்தது. கவுண்டர் என்னைப் பார்க்கவில்லை. நர்ஸம்மாவிடம், "ஏன் கண்ணு, உன்னை உள்ளே உட்டிருந்தா எம் மவ பொழச்சிருப்பாளா?" என்று கேட்டார்.

"பொழச்சிருக்கலாம்" என்றார் நர்ஸம்மா. கவுண்டர் எழுந்து போய்விட்டார்.

மேலதிகாரிகளுக்கும் எழுதினேன், வேலை போனது. நர்ஸம்மாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் போகாமல் வேலையை விட்டார். கவுண்டர் தன் மிளகுத் தோட்டத்தில் இடம் கொடுக்க, அங்கே மண்சுவர் வைத்துப் பிரசவ விடுதி தொடங்கினார். ஊருக்கு ஒரு பெண்ணை வேலை பழக்கினார். அறுபதுகளின் நடுவில் அந்தப் பெண்கள் நாடு நாடாக நடந்துபோய்ப் பிரசவம் பார்த்தார்கள்.

ஏதாவது வேலை கொடுங்கள் என்று நர்ஸம்மாவிடம் போய் நின்றேன். அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து மலைமேல் மருந்துப்பெட்டி தூக்கிவரச் சொன்னார். எட்டு வருடம் தூக்கினேன். ஒற்றையடிப் பாதையில் எதிரே வரும்போதெல்லாம் கவுண்டர் பெட்டிக்காக ஒதுங்கி வழிவிடுவார். என்னோடு அவர் சாகும்வரை பேசவில்லை.