உபுண்டுவும் இருபத்திரண்டு கடிதங்களும்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்சி மாறியது. விண்டோஸ் போய் உபுண்டு வந்தது.

கொண்டுவந்தவர் என் கணவர். எங்கள் லாப்டொப்புக்கு வயது போய்விட்டது. ஓன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் முழிக்காது. புதிது வாங்குவோம் என்றேன். வேலையிடத்தில் யாரோ சொன்னார்களாம் — விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்று இலவசமாக ஒரு இயங்குதளம் இருக்கிறது, பழைய மெஷினும் பறக்கும் என்று. இலவசம் என்று காதில் விழுந்தால் எங்கள் ஆளை யார் பிடிப்பது?

உண்மையைச் சொல்ல வேண்டும்... பறக்கத்தான் செய்தது.

"எல்லா ஃபைலையும் எடுத்து வைச்சுத் திருப்பிப் போட்டிட்டன். ஒண்டும் அழியேல்லை" என்றார், பெருமையாக.

நான் நேரே போய்த் திறந்தது பழைய கடிதங்கள் இருந்த ஃபோல்டரை. இருபத்திரண்டு கடிதங்கள். இவர் முதலில் தனியாக இங்கே வந்து பென்டில் ஹில்லில் ஒற்றை அறையில் இருந்தபோது, கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த எனக்கு எழுதியவை. ஆங்கில விசைப்பலகையில் தமிழ் தட்டும் பாமினி எழுத்துருவில் எழுதி, ஈமெயிலில் அனுப்புவார். நான் வெள்ளவத்தையில் நெட் கஃபே ஒன்றில் பிரின்ட் எடுத்து, பஸ்ஸில் வாசித்துக்கொண்டே போவேன். இங்கே புறப்படும்போது அந்தத் தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டேன். ஏர்போர்ட்டில் பையைக் கிளறுவார்களே... யாராவது வாசித்துவிட்டால்? மிஞ்சியது கணினியில் இருந்ததுதான்.

திறந்தால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

"ஐயோ, இதென்ன கோதாரி! என்ரை கடிதங்கள் எங்கையப்பா?"

எட்டிப் பார்த்தவரின் முகம் செத்துப்போனது. ஃபைலையெல்லாம் காப்பாற்றிய மனுசன் எழுத்துருவை விட்டுவிட்டார். வீடு மாறும்போது பூட்டிய பெட்டியை ஏற்றிவிட்டு அதன் திறப்பை மறந்துவிட்டு வருவதில்லையா, அப்படி.

சண்டை பிடிக்கத்தான் வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது. இந்த மனுசன் வாயால் ஒரு அன்பான சொல் வராது. கல்யாண நாளுக்கு "கேக் வாங்கவோ?" என்பதுதான் ஆகக்கூடியது. என் மேல் ஆசை இருந்தது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கடிதங்கள்தான்.

ஞாயிறு மத்தியானம். சாப்பிட்ட கையோடு குசினிக் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு அமர்ந்தார்.

"திறவும் பாப்பம். நான் தட்டினதுதானே. எந்த எழுத்துக்கு எந்தக் கீ எண்டு விரலுக்குத் தெரியும்."

மேசையில் தட்டித் தட்டி, வாய்க்குள் முணுமுணுத்து, மெல்ல வாசிக்கத் தொடங்கினார்.

"'அறையிலை ஒரு கதிரைதான் கிடந்தது. இண்டைக்கு ரெண்டாவது கதிரை வாங்கினனான்...'"

மேசையில் தட்டிய விரல் நின்றது.

"பிறகு?" என்றேன்.

"'நீர் வருமட்டும்... அதிலை ஒருத்தரையும் இருக்க விடமாட்டன்.'"

சோபாவில் கிடந்த மகள் துள்ளி எழும்பினாள். "டாட்! யூ ரோட் தட்?"

"ஓம், வேறை ஆர்?" என்று எரிந்து விழுந்தார். ஆனால் நிறுத்தவில்லை. பதின்மூன்று வருடமாகக் கண்ணால் வாசித்ததை அன்றுதான் அவர் குரலில் கேட்டேன். எனக்கு வயது பாதியாகிவிட்டது.

மறுநாள் ஆபீசில் செல்வியிடம் இதைச் சொன்னேன். மதுரைக்காரி, கணினி விஷயத்தில் கெட்டி.

"அட, இதுக்கா அழுதீங்க? அந்த ஃபான்ட்டைப் போட்டா போதும்க்கா. அஞ்சு நிமிஷத்துல எல்லாம் தமிழ்ல வந்துரும்!"

பென் டிரைவில் போட்டுக் கையிலும் தந்துவிட்டாள்.

அது என் ஹான்ட்பேக்கில் பத்திரமாக இருக்கிறது. இவரோ வேலையால் வந்ததும் நாளுக்கு ஒரு கடிதம் வாசிக்கிறார். இன்னும் பதினேழு பாக்கி.

நல்லவேளை, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை இவர் வாசிப்பதில்லை... நீங்களும் வாயைத் திறக்காதீர்கள்.