உச்சியில் இரண்டு குறி

நான் வேகமாகப் படம் போடப் பழகியதே பயத்தில்தான். வெளியில் எங்கே உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது வந்து, "இன்னா எழுதிக்கினு கீறே? எந்த ஆபீஸு?" என்று கேட்பார்கள். அவர்கள் வருவதற்குள் முடித்துப் பெட்டியை மூடிவிட வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உத்திரமேரூரில் போர்டு எழுதும் கடையில் வேலை. என்னைப் பார்த்து ஆபீஸா என்று கேட்டால் பெருமையாக இருக்க வேண்டும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவேன்.

பக்கத்து அச்சகத்தில் வெட்டி எறிந்த தடித்தாள், ஒரு கலர் பெட்டி, ஒரே பிரஷ், தண்ணீருக்குக் கொட்டாங்குச்சி. தாளை நனைத்து வானத்துக்கு ஒரு இழுப்பு, தரைக்கு ஒரு இழுப்பு. மரத்துக்கு ஒரு திட்டு. மனிதர் என்றால் தலைக்கு ஒரு பொட்டு, உடம்புக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், பெருநகரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா புருஷனை மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஒரு பெரிய குடும்பத்து நிலத்தை வாரத்துக்குப் பயிர் வைத்திருந்தார். விளைந்த நெல்லைக் களத்திலேயே அளந்து ஆளுக்குப் பாதி. அளக்கும் வரை குவியலில் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்காக நிலக்காரரின் கணக்குப்பிள்ளை வந்து, சாணிக் கரைசலில் ஒரு கட்டையைத் தோய்த்துக் குவியல் முழுக்கக் குறி போட்டுவிட்டுப் போவார். கொஞ்சம் நெல் எடுத்தாலும் மணி சரிந்து குறி கலைந்துவிடும். கலைந்திருந்தால் பேச்சே கிடையாது, அடுத்த பட்டத்துக்கு நிலம் வேறு ஆளுக்கு. பக்கத்துக் களத்தில் ஒரு குடும்பம் அப்படித்தான் நிலத்தை இழந்திருந்தது. அக்காவுக்கு இந்த நிலத்தை விட்டால் வேறு வழியில்லை.

அன்று சாயங்காலம் கணக்குப்பிள்ளை குறி போட்டு முடித்து வரப்பில் இறங்கிப் போனார். நான் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து அந்தக் குவியலைப் படமாகப் போட்டேன். வெயிலில் நெல் பழுத்த மஞ்சளாக இருந்தது. ஓரத்தில் கணக்குப்பிள்ளையையும் ஒரு கோடாக இழுத்துவிட்டேன். பெட்டியை மூடுவதற்குள் அவரே திரும்பி வந்துவிட்டார், மறந்து வைத்த குடைக்காக.

"இன்னாப்பா அது? இப்படிக் குடு."

கொடுத்தேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவால்லியே. குறியெல்லாம் போட்டுக்கீறே."

அதற்குள் பஸ் ஆரன் கேட்டது. "இது எங்கிட்டயே இருக்கட்டும். காலையில வச்சு ஒத்துப் பாத்துக்கலாம்" என்று தாளை ஆட்டிக்கொண்டே ஓடினார்.

மாமா முகம் மாறிவிட்டது. "யாரக் கேட்டுடா போட்ட? அந்தாளு சொல்லி அனுப்ச்சானா உன்ன?"

"இல்ல மாமா, சும்மா..."

"சும்மா போடறவன் நெல்ல மட்டும் போட வேண்டியதுதானே? குறிய ஏன் போட்ட?"

மஞ்சள் மேல் அந்தக் கரும்பழுப்பு அழகாக எடுத்துக் கொடுத்தது. இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? வழக்கம்போல அவர் களத்துக் காவலுக்குப் படுக்கப் போனார். நான் அக்கா வீட்டில் படுத்துக்கொண்டு, எதை எங்கே போட்டேன் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் நிச்சயமாக நினைவுக்கு வரவில்லை.

காலையில் கணக்குப்பிள்ளை தாளைப் பிடித்துக்கொண்டு குவியலை ஒரு சுற்று சுற்றி வந்தார். நின்றார்.

"உச்சியில ரெண்டு குறி போட்டுக்கீறான் உன் மச்சான். இங்க மேல ஒண்ணத்தையும் காணோமே?"

"நீங்க மேல போடவே இல்லீங்க" என்றார் மாமா.

"அவன் கண்ணால பாத்துப் போட்டுக்கீறான். நீ இல்லன்ற. எவன் சொல்றது பொய்யி?"

அவர் குறி போட்டது பஸ்ஸுக்குப் பறக்கும் அவசரத்தில். எத்தனை, எங்கே என்று அவருக்கே தெரியாது. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல் தூற்ற வந்திருந்த அம்மா ஒருத்தி முறத்தோடு வந்து தாளை எட்டிப் பார்த்தாள். "யாரு நைனா இது, ஓரத்துல நொண்டிக்கினு போறது?"

"கணக்கய்யாதான்" என்றேன், மெதுவாக.

"ஐயாவா! ஐயோ, ஒரு காலுதானே கீது! கணக்கய்யா, குறி போனது போகட்டும், மொதல்ல உங்க காலத் தேடுங்க. அதையும் இவங்கதான் அள்ளிக்கினாங்களோ இன்னாவோ!"

களமே சிரித்தது. கணக்குப்பிள்ளை தாளைப் பார்த்தார், குனிந்து தம் காலைப் பார்த்தார், அவருக்கும் உதடு கோணியது. "ஏன்டா, கண்ணு தெரியலியா உனக்கு?"

"அவசரத்துல போட்டது சார். அப்படித்தான் வரும். மேல கீறது குறி இல்ல, பிரஷ்ல இருந்து சொட்டுனது."

"பேஜாரு புடிச்சவன்" என்று தாளைச் சுருட்டி என் மேல் எறிந்தார். "மரக்காலை எடுங்க."

அளந்தார்கள். நிலம் பிழைத்தது. அக்கா அழுதுகொண்டே எனக்குக் கூழ் ஊற்றினாள்.

சாயங்காலம் நான் புறப்படும்போது மாமா வீட்டுக்குள் போய் ஒரு பையைக் கொண்டுவந்து கையில் திணித்தார். எனக்கு இதுவரை ஒரு கத்தரிக்காய்கூடக் கொடுக்காதவர். "புது நெல்லு. கொண்டு போ. இனிமே களத்துப் பக்கம் அந்தப் பெட்டிய எடுத்துக்கினு வராத."

பஸ்ஸில் உட்கார்ந்து முதலில் தாளைப் பிரித்தேன். சொட்டு விழுந்தால் உருண்டையாக இருக்கும். உச்சியில் இருந்த இரண்டும் மற்றக் குறிகளைப் போலவே பட்டையாக, படுத்தவாக்கில் இருந்தன. என் கைதான் போட்டிருக்கிறது. பார்த்துப் போட்டதா, பிரஷ் போன போக்கில் போட்டதா? அந்தாளுக்கு ஒரு காலைப் போடாமல் விட்டவன், இல்லாத குறியை ஏன் போட்டிருக்கக் கூடாது?

அப்புறம்தான் பை நினைவுக்கு வந்தது. நான் கிளம்பும்போது மாமாவின் பங்கு களத்திலேதான் கிடந்தது, வண்டிக்குக் காத்துக்கொண்டு. வீட்டுக்கு ஒரு மூட்டைகூட வரவில்லை. அப்படியென்றால் வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த இந்தப் புது நெல் எது? அளந்து முடித்த பிறகு களத்தைக் கூட்டி அள்ளியதாக இருக்கலாம். கூட்டி அள்ளிய நெல்லில் மண் இருக்கும்.

பைக்குள் கையை விட்டேன். சுத்தமான நெல், வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு பிடி எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், இன்னொரு பிடி. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். ஒரு சின்னக் கல்லாவது, கொஞ்சம் புழுதியாவது விரலில் தட்டாதா என்று உத்திரமேரூர் வரும் வரை துழாவிக்கொண்டே இருந்தேன்.