சிஸ்டர் சொன்னதை நான் கனியிடம் சொல்லவில்லை

என் ஓரகத்தி கனியின் பற்கள் எல்லாம் விழுந்ததற்கு நான்தான் காரணம்.

எழுதிவிட்டேன்... இதை எழுதும்போது கை நடுங்கும் என்று இத்தனை காலம் பயந்திருந்தேன். நடுங்கவில்லை. அரிசி களைவதுபோல் கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது.

பல்தானே, வயதானால் யாருக்கும் விழும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கனிக்கு அப்போது வயதாகவில்லை. கைக்குழந்தை இடுப்பில் இருந்த காலத்தில் தொடங்கியது அது. அவள் தானாக இழக்கவில்லை. நான் இழக்க வைத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசியே பழக்கமில்லை. ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அறுபதுகளில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி அந்தமானில் மாயாபந்தருக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் காட்டில் மரம் வெட்டி இழுக்கும் வேலை. திங்கட்கிழமை கேம்புக்குப் போனால் சனிக்கிழமைதான் இருவரும் வருவார்கள். தகரக் கூரை போட்ட ஒரே வீட்டில் நானும் கனியும் பிள்ளைகளும்.

கனி போர்ட் பிளேயரில் பிறந்தவள்; கொழுந்தன் இங்கே வந்த பிறகு கட்டிக்கொண்டவள். அங்கே லம்பா லைன் என்ற பகுதியில் அவள் அண்ணன் வீடு இருந்தது. அவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ ஒரு சொல்லும் தெரியாது. தமிழே மெதுவாகத்தான் வரும்.

தண்ணீர்க் குழாயடியில் வங்காளிப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இந்தியில்தான் சண்டை போடுவார்கள். என் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தங்கள் குடத்தை வைப்பார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு 'கூங்கி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஊமைச்சி என்று அர்த்தம்.

ஒருநாள் அதைக் கேட்டுவிட்ட கனி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு இந்தியில் ஏதோ சொன்னாள். குழாயடியே சிரித்தது. என் குடம் முதலில் நிறைந்தது. வீட்டுக்கு வரும் வழியில் என்னடி சொன்னாய் என்று கேட்டேன்.

"எங்க அக்கா வாயைத் திறந்தா உங்க காது தாங்காது, அதான் பாவம் பாத்துச் சும்மா இருக்கான்னு சொன்னேன்க்கா."

ரேஷன் கடையில் அவள் பேசினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் அவள் பேசினாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அங்கே நிற்பது எனக்குப் பழகிப்போயிற்று... சுகமாகவும் இருந்தது.

கனிக்கு ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது இரண்டாவது பிள்ளை பெற்ற பிறகு. பல் தேய்த்துத் துப்பினால் சிவப்பாக வரும். ரத்தம் வருகிறதே என்று அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிட்டாள். தேய்க்காமல் விட்டால் புண் ஆறும் என்று நானும் சொன்னேன். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. அதுவரை என்மேல் குற்றமில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் கன்னம் வீங்கிக் காய்ச்சலில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஈறைக் கீறிச் சீழை எடுத்தார். வாயில் பஞ்சை வைத்து அவளை வெளி பெஞ்சில் படுக்க வைத்தார்கள். மாத்திரை வாங்க நான் உள்ளே நின்றேன்.

அங்கிருந்த சிஸ்டர் மலையாளி. தமிழும் பேசுவார். என்னை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். ரத்தம் வருவது தேய்ப்பதால் அல்லவாம். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் அழுக்குப் படிந்து, காரையாக இறுகி, ஈறைப் பல்லிலிருந்து பிரித்துவிடுகிறதாம். அந்த இடைவெளியில்தான் சீழ் பிடிக்கிறதாம். இப்படியே விட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பும் கரையும் என்றார்.

"ரத்தம் வருதுன்னு தேய்க்காம இருக்கக் கூடாது, கேட்டோ. மெல்லமா, ஈறு ஓரமா, காலையிலும் ராத்திரியும் தேய்க்கணும். ஆனா இவளுக்கு அது மட்டும் போதாது. பிளேர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் காரையை எடுக்கணும். நாலஞ்சு தடவை கூப்பிடுவாங்க, ஒரு மாசம் அங்கேயே தங்கணும். இப்பப் போனா பல்லு நிக்கும்."

அப்புறம் புகையிலையைப் பற்றிச் சொன்னார். இங்கே பெண்கள் வலிக்கு ஈறில் புகையிலைப் பொடி வைக்கிறார்கள், அதை வைத்தால் வலியும் தெரியாது, ரத்தமும் நின்றுபோகும், நோய் மட்டும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும், அதைத் தொடவே விடாதே என்றார்.

பிறகு என் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உனக்கும் தொடங்கியிருக்கிறது, இப்போதே ஒழுங்காகத் தேய்த்தால் நின்றுவிடும் என்று சொல்லி, பிரஷை ஈறுமேல் எப்படிச் சாய்த்து வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

"நீதானே மூத்தவ? வீட்ல சொல்லி அடுத்த போட்ல அனுப்பி வை."

தலையாட்டினேன்.

வெளியே வந்தேன். கனி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பஞ்சைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னக்கா சொன்னாங்க, அவ்வளவு நேரமா?"

"ஒண்ணுமில்ல. உப்புத் தண்ணில கொப்பளிக்கச் சொன்னாங்க. சரியாப் போயிரும்."

இவ்வளவுதான். இவ்வளவுதான் நான் செய்தது!

ஏன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கனிமேல் எனக்குப் பொறாமை இல்லை. பகை இல்லை. அந்தக் கதவிலிருந்து பெஞ்சுக்கு நடந்த நேரத்தில் நான் நினைத்தது குழாயடியைத்தான். ஒரு மாதம் நான் தனியாகக் குடத்தோடு நிற்பேன். ரேஷன் கடையில் பின்னால் நிற்க முதுகு இருக்காது. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாரிடம் என்னவென்று சொல்வேன்? இன்னொன்றும் நினைத்தேன். அவளுடைய அண்ணன் கொழுந்தனைப் பிளேருக்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். போனவள் அங்கேயே தங்கிவிட்டால்...?

அடுத்த போட்டுக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த போட் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. ஜெட்டியில் அது ஊதும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே காய் நறுக்குவேன்.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. கனி ஒழுங்காக உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். அந்தப் பக்கம் தேய்க்கவில்லை. சில வாரம் கழித்து வலி திரும்ப வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாமா என்று கேட்டாள். போனால் சிஸ்டர் கேட்பார். ஏன் பிளேருக்குப் போகவில்லை என்று கேட்பார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, தீதி என்று கூப்பிடுவோம், ஞாபகத்துக்கு வந்தாள். புகையிலையைக் கருக்கிப் பொடித்து டப்பாவில் விற்பார்கள், 'குல்' என்று பெயர். தீதி அதை ஈறில் தேய்த்துக்கொள்வாள். அவளிடம் கையைக் காட்டிக் கேட்டு வாங்கினேன். மாயாபந்தரில் கனியின் துணை இல்லாமல் நானாகக் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான்.

கனியின் ஈறில் என் விரலாலேயே தேய்த்துவிட்டேன்.

முதலில் தலை சுற்றுகிறது என்றாள். பிறகு அந்த இடமே மரத்துவிட்டது என்றாள். நாலைந்து நாளில் குதித்துக்கொண்டு வந்தாள்.

"ரத்தம் நின்னுருச்சுக்கா! நீ ஆஸ்பத்திரியே வச்சிரலாம்."

சிஸ்டர் சொன்னபடியே நடந்தது. ரத்தம் நின்றது. வலி நின்றது. எனக்கு விஷயம் தெரியும். நான் சிரித்தேன்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நாள் தயங்கினேன். அதே நாட்களில் காலையிலும் இரவிலும், வீட்டுக்குப் பின்னால் வாழை மறைவில் நின்றுகொண்டு, நான் பல் தேய்த்தேன். மெதுவாக, ஈறு ஓரமாக, பிரஷைச் சாய்த்துப் பிடித்து, சிஸ்டர் காட்டியபடியே. முதல் சில நாள் ரத்தம் வந்தது. விடவில்லை. பிறகு நின்றது. அது உண்மையாகவே நின்றது.

அந்தக் காரியத்தையாவது அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே! பிளேருக்கு அனுப்பாவிட்டாலும் தேய்க்கவாவது சொல்லியிருக்கலாமே! சொன்னால், யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று கேட்பாள். ஒன்றை மறைத்ததற்கு எல்லாவற்றையும் மறைக்க வேண்டியதாயிற்று.

சிஸ்டர் மாற்றலாகிப் போனார். எனக்கு மூச்சு வந்தது.

கனிக்குக் குல் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. விடிந்ததும் டப்பாவைத் தேடுவாள். ஈறு கீழே இறங்க இறங்கப் பற்கள் நீண்டுகொண்டே போயின. முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்தது. ஒருநாள் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். வாழைப்பழம்! அதில் பதிந்து ஒரு பல் வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினாள். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை, பார்த்தாயா அக்கா என்று ஆச்சரியப்பட்டாள்.

அதன்பிறகு பேசும்போது முந்தானையை வாய்க்கு மேல் வைத்துக்கொள்ளத் தொடங்கினாள். பிறகு குழாயடிக்கு வருவதைக் குறைத்தாள். பிறகு, நீயே போய்வா அக்கா என்றாள்.

போனேன். வேறு வழியில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அதே குழாயடிக்கு, தனியாக, குடத்தோடு போனேன். தட்டுத்தடுமாறி இந்தி வந்தது. ஒரு மாதம் தாங்காது என்று நினைத்தேனே, இப்போது ஆயுசுக்கும் தாங்குகிறேன்.

சில வருஷம் கழித்துப் பல் டாக்டர் ஒருவர் முகாமுக்காக மாயாபந்தர் வந்தார். கனியைக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு பல்லாக ஆட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார். நாலைந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கலாம், ஏன் வரவில்லை?

"கிஸீ நே பதாயா நஹீ, டாக்டர் சாப்" என்றாள் கனி. யாருமே சொல்லலை.

அவளே மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதற்குள் எனக்கு இந்தி வந்துவிட்டிருந்தது.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கனி என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்க்கா உன் முகம் இப்படிப் போச்சு? உன் பல்லையா பிடுங்கப் போறாங்க?"

அதையே அவள் இந்தியிலும் சொல்ல, டாக்டர்கூடச் சிரித்தார். நான் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தேன். மரத்துப்போக ஊசி போட்டார்கள் அவளுக்கு. எனக்கு யாரும் போடவில்லை. ஆனாலும் அன்று தொடங்கிய மரப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

பிளேரில் பல் செட்டு கட்டினார்கள். எலும்பு கரைந்த ஈறில் அது நிற்கவில்லை. இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தாள்.

இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை, கொழுந்தனும் இல்லை. பிள்ளைகள் பிளேரிலும் மெயின்லேண்டிலும் இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் இங்கே. அவளுக்குச் சோற்றைக் குழைய வடிக்கிறேன். மீனை முள் எடுத்து மசித்துக் கொடுக்கிறேன். பார்க்கிறவர்கள், கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்கிறார்கள்.

கனியும் அதைத்தான் சொல்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் வந்திருந்தாள். இந்த வயதிலும் உங்களுக்குப் பல் எல்லாம் அப்படியே இருக்கிறதே என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அதெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும். அந்தக் காலத்துல வலில துடிச்சப்போ எங்கக்காதான் பொடி வாங்கித் தேச்சு என்னைக் காப்பாத்துனா. அந்தப் புண்ணியம்தான் அவ பல்லு."

நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன்.

இந்த எழுத்து அவளுக்குப் போய்ச் சேராது. அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்... இதையும் உங்களிடம் மறைப்பானேன்.

அவள் உள்ளே தூங்குகிறாள். நான் பின்வாசலுக்குப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்து படுக்க வேண்டும். மெதுவாக, ஈறு ஓரமாக. சத்தம் கேட்காமல்.