ஷோகேஸுக்கு ஒரு படம்

போட்டோ தொழிலில் கேமராவைப் பிடிக்கப் பழக ஒரு மாதம் போதும். எடுத்த படத்தைப் பற்றி வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுவிட்டு முகம் மாறாமல் நிற்கப் பழகத்தான் ஆயுசு போதாது. கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டபடி கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து ரசமில்லாமல் சாப்பிட்டவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தென்னூரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. பாஸ்போர்ட் படம், காதுகுத்து, கல்யாணம் என்று வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் சென்னையில் அழகியல் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போய்த் தொலைத்தேன். காலியிடமும் பேசும், நிழலுக்கும் மரியாதை உண்டு, பாழடைந்ததிலும் அழகு உண்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்து ஜங்ஷனில் இறங்கும்போதே கண் கெட்டுவிட்டது. டீக்கடை ஆவியில் வெயில் விழுவதைப் பார்த்து நின்றதில் என் பஸ் போய்விட்டது.

என் மனைவி ஸ்டெல்லா கடையில் கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துகிறவள். வாசல் ஷோகேஸின் நடுவில் எப்போதும் ஒரு கல்யாணப் பெண் படம்தான் இருக்கும். அந்த இடத்தை எனக்குக் கொடு, என் பார்வையில் எடுத்த படத்தை வைக்கிறேன் என்றேன். இத்தனை வருஷமாக அடுத்தவர் சொன்னபடியே எடுத்தவனுக்கு, தான் பார்த்ததை ஒரே ஒருவராவது ஆசைப்பட்டுக் கேட்க வேண்டும் என்று ஏக்கம் இருக்காதா? அவள் பெருந்தன்மையாகச் சொன்னாள்: "வைங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம். அதுக்குள்ள யாராவது ஒருத்தர் உங்க பார்வையில எடுத்த படம் ஒண்ணைப் பார்த்து, அழகா இருக்கு, எனக்கு வேணும்னு கேட்டா, அந்த இடம் உங்களுக்கு. இல்லேன்னா கல்யாணப் பொண்ணு திரும்பி வந்துடுவா."

காலியிடம்

கைலாசபுரம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பப் படம். வீட்டுத் தலைவர் ஃபேக்டரியில் தரச் சோதனை அதிகாரி. அந்த மாதம் ஓய்வு பெறுகிறார். மருமகள், பேரக் குழந்தை எல்லோரையும் படத்தின் வலது கீழ் மூலையில் உட்காரவைத்து, மீதி முழுவதையும் சாயங்கால வானத்துக்கு விட்டுக்கொடுத்தேன். நீண்ட உழைப்புக்குப் பிறகு வரும் ஓய்வு அந்த வானத்தில் தெரிகிறது என்பது என் எண்ணம். எடுத்துவிட்டு எனக்கே கண் கலங்கியது.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரிசல் தேடுகிற மாதிரி படத்தை மூலை மூலையாகப் பார்த்தார். வானத்தின் மேல் விரலை வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். அவரும் கலங்குகிறார் என்று நினைத்து நான் காத்திருந்தேன்.

"இவ்வளவு இடம் சும்மா கிடக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, எங்க மச்சான் குடும்பத்தையும் கூப்பிட்டிருப்பேனே சார்!"

ஜன்னலுக்குள் கோபுரம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமா தன் ஃபிளாட்டை விற்கப் பார்த்தார். விளம்பரத்தில் 'வீட்டிலிருந்தே கோபுர தரிசனம்' என்று போட்டுவிட்டார். அதற்குப் படம் வேண்டும். ஹாலிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. பால்கனியிலிருந்து பார்த்தால் செல்போன் டவர். வீடு முழுவதும் சுற்றினேன். கடைசியில் ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். சிறிய ஜன்னல், அதன் சட்டத்துக்குள் அளவெடுத்து வைத்தாற்போல் கோபுரம், வகுப்பில் சொன்ன சட்டத்துக்குள் சட்டம் இதுதான்! கீழே ஒரு நீல வாளி வேறு. கோபுரத்தின் வண்ணங்களோடு அந்த நீலம் சேர்ந்த அழகை என்ன சொல்ல.

ஸ்டெல்லா வாளியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் படத்தைக் கொடுத்தாள். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஜன்னலை உற்றுப் பார்த்தார். அது வீட்டில் எந்த அறையின் ஜன்னல் என்று அவருக்குப் புரிந்த கணத்தை நானும் பார்த்தேன்.

"கோபுரம் பிரமாதமா சேவையாறது ஸ்வாமி. ஆனா பாத்ரூம்லேர்ந்து எடுத்ததுன்னு யார் கேட்டாலும் வாயைத் திறந்துடாதேள்!"

உதிரும் சுவர்

பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், காரை உதிர்ந்த சுவர் ஒன்றைக் கண்டேன். பச்சைக்குக் கீழே ரோஸ், ரோஸுக்குக் கீழே நீலம், நடுவில் கோணலாக ஒரு விரிசல். அதை எடுத்து ஷோகேஸின் நடுவில் வைத்தேன். டிசம்பர் பிறந்தது. நின்று பார்த்தவர்கள் இருவர். இருவரும் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு போனார்கள்.

பிறகு ஒருநாள் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து அவசரமாக இறங்கி நேராக உள்ளே வந்தார். "அந்தச் சுவர் படம் எனக்கு வேணுங்க. பெருசா வேணும்" என்றார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளே உட்காரவைத்து, டீ சொல்லி, அதில் அவருக்குப் பிடித்தது நிறமா, விரிசலின் போக்கா என்று கேட்டேன்.

"நான் குடியிருக்கிற வீட்டுச் சுவர்ங்க அது. ஹவுஸ் ஓனர் சிங்கப்பூர்ல இருக்காரு, வீடு நல்லாத்தானே இருக்குங்கிறாரு. நான் போன்ல எடுத்து அனுப்பினா நம்பல, நீங்க எடுத்ததுலதான் வீடு இடிஞ்சு விழுற மாதிரியே இருக்கு!"

பாதி முகம்

அழகுக்காகக் கேட்டால்தான் கணக்கு என்று ஸ்டெல்லா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வாசலில் தொங்க ஆரம்பித்த நேரம், பாலக்கரையிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். பையனுக்கு துபாயில் வேலை, விசாவுக்குப் படம். ஸ்டூலில் உட்காரவைத்து விளக்கைச் சரிசெய்து நிமிர்ந்தால், அவன் பக்கவாட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறான். முகத்தின் பாதியில் காலை வெயில், மறுபாதி இருட்டு. விசாவாவது மண்ணாவது என்று கை தானாக அழுத்திவிட்டது. திரையில் அது வந்ததும் அந்த அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, பாதிப் பிள்ளையைத்தான் அனுப்பப் போறோமா? மீதியை நான் வச்சுக்கலாமா?" எல்லோரும் சிரித்தோம். பிறகு இரண்டு காதும் தெரிய ஒழுங்காக ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவர் தனியாக வந்தார். பையன் போய்ச் சேர்ந்துவிட்டானாம், அல்ஹம்துலில்லாஹ், போனில்கூடப் பேசினானாம். "முதல்ல ஒண்ணு எடுத்தீங்களே, அழிச்சிட்டீங்களா? அதுதான் அழகா இருந்துச்சு. அது வேணும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டெல்லா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டு, வெயில் கன்னத்தில் எப்படி இறங்குகிறது, மூக்கு நுனியில் நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று வகுப்பில் கேட்டதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் நான் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டார். முந்தானையால் திரையின் தூசியைத் துடைத்தார்.

"வெளிச்சமெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. விசா படத்துல அவன் உங்க கேமராவைப் பார்க்கிறான், இதுல ஜன்னலோரம் நின்ன என்னைப் பார்க்கிறான்."

ஷோகேஸின் நடுவிடம் இப்போது சட்டப்படி எனக்குத்தான் சொந்தம். அங்கே வைக்க, நான் எடுத்ததிலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று எடுக்கும்போதே எனக்குத் தெரிந்திருந்த ஒரு படத்தைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.