நான் எழுதிய நோட்டீஸ்

தலைநகரின் துவாரகா பகுதியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸை எழுதியவன் நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. முப்பத்திரண்டு வருடம் அமைச்சகத்தில் உத்தரவு எழுதியே ஓய்வு பெற்றவன் என்பதால், கொரோனா ஊரடங்கு வந்ததும் சொசைட்டி கமிட்டி என்னைத்தான் தேடி வந்தது. பெருமையாக உட்கார்ந்து எழுதினேன். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது, யாருக்கும் விலக்கு கிடையாது, மாற்றுவதானால் பொதுக்குழு நேரில் கூடித்தான் மாற்ற வேண்டும். ஓட்டை வைத்து எழுதினால் நாளைக்கே ஒருவன் விண்ணப்பத்தோடு வந்து நிற்பான். ஆபீசில் நாங்கள் கற்ற பாடம் அது.

அப்புறம் இரண்டு மாதம் பால்கனியில் நின்று அரசாங்கத்தைத் திட்டினேன். இன்றைக்கு ஒரு விதி, நாளைக்கு அதற்கு ஒரு திருத்தம். பாஸ் வாங்கச் சொன்ன வெப்சைட் திறந்தால்தானே வாங்க! இவர்களுக்கு டிராஃப்ட் எழுதவே தெரியவில்லை என்று நான் கத்த, எதிர் பால்கனி பஞ்சாபிக்காரர் ‘அச்சா, அச்சா’ என்று தலையாட்டுவார்.

என் மனைவிக்கு ஊரடங்குக்குச் சற்று முன்புதான் முட்டியில் ஆபரேஷன். தினமும் முட்டியை மடக்கி, நடக்கவைக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் அந்தப் பயிற்சியை எங்கள் வீட்டில் எட்டு வருடமாக வேலை பார்க்கும் விழுப்புரத்துப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தப் பெண் பிடித்தால் மனைவி நடப்பாள். நான் பிடித்தால் ‘ஐயோ’ என்பாள், நானும் பயந்து விட்டுவிடுவேன். இந்த மாதத்துக்குள் மடங்காவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். 

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வரலாம் என்று அரசாங்கம் ஒருவழியாகத் தளர்த்தியது. எங்கள் கேட் தளரவில்லை. கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டு எகிறினேன். நீங்கள் எழுதியதுதானே ஸாப், பொதுக்குழு கூடாமல் மாற்ற முடியாதே, கூட்டம் கூடவோ தடை இருக்கிறதே என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவ்வளவு கச்சிதம் என் டிராஃப்ட்! பத்து நாள் போனிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் சண்டை போட்டேன். ஒன்றும் நகரவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

பதினோராம் நாள் காலை, வாட்ச்மேனிடமாவது கத்தித் தீர்க்கலாம் என்று கீழே இறங்கினேன். கேட்டுக்கு அந்தப் பக்கம், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பெண் நின்றிருந்தாள். நோட்டீஸில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். தமிழில் சொன்னேன். 

“நான் உள்ள வரக்கூடாது, சரி. அம்மா வெளிய வரக்கூடாதுன்னு எங்கனாச்சும் போட்டிருக்கா சார்?”

நாலு தடவை படித்தேன். இல்லவே இல்லை. முப்பத்திரண்டு வருட சர்வீஸ் எனக்கு. படிக்கத் தெரியாத ஒருத்தி ஒரு நிமிடத்தில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டாள். வெட்கப்படக்கூட நேரமில்லை, சந்தோஷத்தில் மாடிக்கு ஓடினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சக்கர நாற்காலியில் மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வாட்ச்மேன் நோட்டீஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். நன்றாகப் படித்துப் பார் என்றேன். திறந்துவிட்டான். வெளியே நடைபாதையில் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து மனைவி எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தாள், என்னையும் கமிட்டியையும் திட்டிக்கொண்டே. இனி இந்த முட்டி மடங்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எப்படி அம்மா உனக்கு இது தோன்றியது என்று அந்தப் பெண்ணைப் பாராட்டினேன்.

“தோணறதுக்கு என்னா இருக்கு சார்? போன்ல ரீசார்ஜ் இல்ல. அம்மா காலு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு பத்து நாளா தெனம் வந்து இங்கதான் நிக்கறேன். வாட்ச்மேன் மேல சொல்லவே மாட்டேன்னுட்டான். நீங்களும் ஒருநாள்கூட கீழ எறங்கி வரல.”

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள்.