உதிர்ந்துபோன வசனங்கள்

அம்பத்தூரில் நான் பெருக்கித் துடைக்கும் நூலகத்தின் மாடியில் ஓர் அறை இருக்கிறது. அதற்குள் ஈரத் துடைப்பம் கொண்டுபோகக் கூடாது, காய்ந்த துணி மட்டும்தான். மேசைமேல் இருக்கும் எதையும் தொடக் கூடாது, தொட்டால் அன்றே வேலை போய்விடும் என்று கான்ட்ராக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான்கு வருடம் நான் எதையும் தொட்டதில்லை.

போன மழைக்காலத்தில் அந்த அறைக்குப் பதினோரு அட்டைப்பெட்டிகள் வந்தன. காமிக்ஸ் வரைந்த ஓவியர் ஒருவரின் படங்களும், அவருக்கு வந்த கடிதங்களும். அவருடைய மகள், அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த பிளாட்டைக் காலி செய்யும்போது எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாராம். பெட்டிகளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். ஏழாவது பெட்டியின் மூடி பிரிந்திருந்தது. மேலே இருந்த படத்தில் ஒரு பஸ் கண்டக்டர் வாயில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார். அந்த ஓவியர் இறந்துபோனதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

பெட்டியை வைத்துவிட்டுக் கீழே வந்தேன். காலையில் கழுவிய படிக்கட்டையே மறுபடியும் கழுவினேன்.

அவரிடம் நான் ஒன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன். வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன், குடியிருந்தது அங்கேயே குவார்ட்டர்ஸில். நான் அப்போது போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையின் சைக்கிள் ஸ்டாண்டில் எண் எழுதப் போனபோது, பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கை நடுங்கலையே உனக்கு. தமிழ் எழுதுவியா?”

“அஞ்சாவது வரைக்குந்தான் சார் படிச்சேன்.”

“படிக்க வேணாம்பா. வரைஞ்சா போதும்.”

பஸ் கண்டக்டர் ஒருவர் துப்பறிவதுதான் அவர் கதைகள் எல்லாமே. படங்களை வரைந்து முடித்து, பேசுகிறவர்கள் தலைக்குமேல் பலூன்களையும் போட்டு வைத்திருப்பார். பெரிய பலூனுக்கு டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போடுவார், சின்னதற்கு மருந்து பாட்டில் மூடி. அதற்குள் வரும் வசனங்களை எங்கும் எழுதி வைக்கமாட்டார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு சொல்வார், நான் எழுதுவேன். படத்தின் மேலேயே எழுத விடமாட்டார். நான் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டால் படமே வீணாகிவிடும் என்று பயம். தனித் தாளில் எழுதி, வட்டமாக வெட்டி, பலூனுக்குள் பசை தடவி ஒட்ட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அந்த அறையில் அவர் குரலும் என் நிப்பு கீறுவதும் தவிர வேறு சத்தம் இருக்காது. வேறு எதுவும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. எனக்கும் பேச வராது. என்னை அவர் கூப்பிட்டது “ரைட்டரே” என்று. அஞ்சாவதோடு நின்றவனை அப்படிக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு சிரிப்பு.

நான் ஒன்று செய்துகொண்டிருந்தேன், அவரிடம் சொன்னதில்லை. ஆளுக்கு ஒரு கையெழுத்து வைத்திருந்தேன். கண்டக்டர் பேசினால் எழுத்துகள் லேசாக முன்பக்கம் சாயும், ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற மாதிரி. திருடர்களுக்கு எழுத்தை நெருக்கி எழுதுவேன். கண்டக்டரின் மனைவிக்கு மெல்லிய நிப்பு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அவர் உற்றுப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன வசனம் பலூனுக்குள் அடங்கவில்லை. இரண்டு வார்த்தையைக் குறைத்து எழுதிவிட்டேன். அவர் படித்துப் பார்த்தார்.

“யாரைக் கேட்டு மாத்தின?”

“இடம் பத்தலை சார்.”

“வசனம் என் வேலை. சொன்னதை எழுதுறதுதான் உன் வேலை. ரைட்டர்னு கூப்பிட்டா ரைட்டராயிடுவியா?”

தாளைக் கிழித்துவிட்டு முழுசாக, பொடி எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போகலாம் என்று ஆவடி ஸ்டேஷன்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவரும் ஆள் அனுப்பவில்லை. அவ்வளவுதான், அப்படியே இருபது வருடம் போய்விட்டது.

பெட்டிகள் வந்த ஒரு மாதத்தில் மாடி அறையில் வேலை மும்முரமாகியது. ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் மேடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இங்கே ஐயப்பன்தாங்கலில் வாடகைக்கு இருக்கிறார். வயதில் சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஸ்கேன் எடுக்கிறவர் இதே அம்பத்தூர்க்காரர். அவருக்கு எல்லோரும் நைனாதான். மேசை முழுக்கப் படங்கள் பரப்பியிருந்தன. எல்லாப் பலூனும் காலி. பழைய பசை காய்ந்து என் தாள்கள் மொத்தமும் உதிர்ந்துவிட்டிருந்தன. ஒரு பிளாஸ்டிக் கவரில் முந்நூறுக்கும் மேல் கிடந்தன.

அச்சான புத்தகங்களைத் தேடிப் பார்த்தார்களாம். சின்னப் பதிப்பகம், மட்டமான தாள், இரண்டே இரண்டு புத்தகம்தான் கிடைத்திருக்கிறது. மற்ற கதைகளுக்கு அளவு பார்த்தும், அர்த்தம் பார்த்தும் இருவரும் ஒவ்வொரு தாளாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் டம்ளர் ஒன்று, மூடி ஒன்று. அந்த இரண்டு அளவுக்குள் எந்தத் தாளும் எந்தப் பலூனுக்கும் பொருந்தும்.

நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். ஒரு தப்பு தெரிந்தது. நகர்ந்து அலமாரியைத் துடைத்தேன். இன்னும் நான்கு.

“இன்னா நைனா, அந்த அலமாரியத் தேச்சுக்கினே கீற. பெயின்ட் உரிஞ்சிடப்போது,” என்றார் ஸ்கேன்காரர்.

“தூசி,” என்றேன்.

“பொம்மை பாக்குறாரு மேடம். என்னப் பெத்த நைனாவும் அப்டித்தான், காமிக்ஸ் கெடச்சா சோறு வாணாம்.”

“பாக்கட்டுமே. எல்லாம் வச்சுப் பாத்தாச்சுண்ணே,” என்றார் மேடம் என்னிடம். “திங்கக்கிழமை ஒட்டி, ஸ்கேன் எடுத்துட்டா முடிஞ்சுது. அப்புறம் பெட்டியத் திறக்கவே வேண்டாம்.”

அன்று வேப்பம்பட்டு போகிற ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். ஒரு படம் கண்ணைவிட்டுப் போகவில்லை. பாழடைந்த பஸ் ஒன்றுக்குள் கண்டக்டரும் ஒரு ஜேப்படிக்காரனும் ஒளிந்திருப்பார்கள். ஒருவர் “போய்விடலாமா?” என்பார். மற்றவர் “எனக்குப் பயமாக இருக்கிறது” என்பார். மேடம் பயத்தை ஜேப்படிக்காரன் தலைக்குமேல் வைத்திருந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் வைப்பார்கள். ஆனால் பயந்தது கண்டக்டர். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நானே அன்றைக்கு வாய் திறந்து கேட்டேன்.

“கண்டக்டரா சார் பயப்படுறாரு?”

கண்ணைத் திறக்காமலே சொன்னார். “ஏன், அவன் பயப்படக் கூடாதா?”

திங்கட்கிழமை ஒட்டிவிட்டால் அந்த மனிதர் இனி எப்போதும் பயப்படமாட்டார். ஞாயிறு முழுக்க வீட்டில் இருந்தேன். எனக்கு வீட்டில் கேட்க ஆள் கிடையாது. மேடமிடம் எப்படிச் சொல்வது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். சுவரிடம்கூட நன்றாக வரவில்லை. சொன்னால் தொட்டேன் என்பார்கள், எதற்குப் பார்த்தாய் என்பார்கள். சொல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாது. எனக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

திங்கள் காலை கோதுமைப் பசையின் வாசனை மாடிப்படிவரை வந்தது. மேடம் மெல்லிய தாள் பட்டையில் பசை தடவிக்கொண்டிருந்தார். எதிரே அந்தப் பாழடைந்த பஸ்.

“மேடம், அது அந்தத் திருடன் பேசுறது இல்ல,” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். “எதுண்ணே?”

“பயமா கீதுன்றது. அது கண்டக்டரு.”

“ஹீரோ எப்டி நைனா பயப்படுவாரு,” என்றார் ஸ்கேன்காரர்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், குனிந்து காட்டினேன். “எழுத்து சாஞ்சிருக்குது பாருங்க. கண்டக்டருக்குச் சாயும். அந்தாளுக்கு நெருக்கமா இருக்கும்.”

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தார். முதலில் அந்தத் தாள், பிறகு அச்சுப் புத்தகத்தில் கண்டக்டர் பேசும் ஒரு பக்கம், பிறகு இன்னொரு பக்கம். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“இது உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

மேசையில் இருந்த பென்சிலைக் காட்டினேன். எடுத்துக் கொடுத்தார். ஒரு குப்பைத் தாளில் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று எழுதினேன். இருபது வருடம் ஆகியும் கை அப்படியேதான் சாய்ந்தது.

ஸ்கேன்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “நாலு வருசமா எங்களுக்குக் குப்பை வாரிக்கினு இருந்தியே நைனா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?” என்றார். அதில் கோபம் இருந்த மாதிரிதான் பட்டது.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் மாடியில் இருந்தேன். மேடம் கான்ட்ராக்டரிடம் பேசிவிட்டார். நான் சொல்லச் சொல்ல மேடம் ஒட்டினார். ஒரு காலத்தில் அவர் சொல்ல நான் எழுதினேன். இப்போது நான் சொல்ல இன்னொருவர் ஒட்டுகிறார், அறை அதே மாதிரி சத்தமில்லாமல் இருந்தது. படங்களின் பட்டியலில் ‘எழுத்து’ என்று ஒரு கட்டம். அதில் தெரியவில்லை என்று போட்டிருந்தது. மேடம் அதை அழித்துவிட்டு என் பெயரைக் கேட்டார். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, முதல் முறை எனக்கே கேட்கவில்லை.

கடைசிப் பெட்டியின் அடியில் ஒரு தனிப் படம் இருந்தது. நான் பார்த்ததே இல்லாத படம். டிப்போவில் நிற்கும் காலி பஸ், கண்டக்டர் மட்டும் பின் படிக்கட்டில் நின்று உள்ளே பார்க்கிறார். தலைக்குமேல் ஒரு பலூன். டம்ளர் அளவு. பசைத் தடமே இல்லை, எதுவும் ஒட்டப்பட்டதில்லை.

“இது யாருக்குன்னே தெரியலண்ணே,” என்றார் மேடம். “ஓரத்துல எழுதியிருக்காரு. யாரோ கதாசிரியருக்குன்னு நெனச்சு கடிதங்கள் பட்டியல்ல சேத்துட்டேன்.”

ஓரத்தில் நீலப் பென்சிலில் இருந்தது: ‘ரைட்டரே, இதுக்கு நான் வசனம் சொல்லலை. நீயே போட்டுக்கோ.’

நான் அதை எழுத்தெழுத்தாகப் படித்தேன். எனக்கு எப்போதுமே அப்படித்தான் படிக்க வரும். எப்போது வரைந்தார் என்று படத்தில் இல்லை. என்னைத் தேடி ஏன் ஆள் அனுப்பவில்லை என்பதும் இல்லை. என்னைப் போலவே அவரும் ஏதாவது ஸ்டேஷன்வரை வந்துவிட்டுத் திரும்பினாரோ என்னவோ.

“எனக்குத்தான் மேடம்,” என்றேன்.

மேடம், மூலப் படத்தின் மேல் யாரும் எதையும் புதிதாக ஒட்டக் கூடாது என்பது விதி என்றும், வேண்டுமானால் தனித் தாளில் எழுதிக் கொடுத்தால் படத்தோடு ஒரே உறையில் வைக்கலாம் என்றும் சொன்னார். டம்ளர் அளவுக்கு ஒரு தாளை வெட்டிக் கொடுத்தார்.

அது நான்கு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. முதலில் தோன்றியதெல்லாம் அவர் சொல்லக்கூடிய வசனங்கள். அவர் குரலிலேயே வந்தன, இலக்கணத் தமிழில். ஒன்றையும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் காலை மாடியில் போய் உட்கார்ந்து, நிப்பை மையில் தொட்டு, கண்டக்டருடைய சாய்ந்த எழுத்தில் எழுதினேன்:

‘யாராவது இறங்கணுமா?’

இடம் மிச்சம் இருந்தது. மை காயட்டும் என்று தாளை மேசையில் வைத்தேன்.

“காலி பஸ்ல யார்ட்ட நைனா கேக்குறாரு?” என்றார் ஸ்கேன்காரர்.

“தெரியல,” என்றேன். “கேட்டுட்டுதான் பஸ்ஸப் பூட்டுவாங்க.”

மேடம் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு எண் போட்டு உறைக்குள் வைத்தார். நான் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன்.